எர்மெஸுக்கு இடம் பிடித்த மத்தியானம்

எர்மெஸுக்கு உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபக்காரி என்று யாரும் சொல்லக்கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் பொலோஞ்ஞா நகரப் பேருந்தை ஓட்டியவன். ஓய்வு பெற்ற அன்றே, "ஒரு ஆயுசுக்கு உட்கார வேண்டியதை உட்கார்ந்தாச்சு" என்று எழுந்தவன்தான். அதற்கப்புறம் அவனை நாற்காலியில் பார்ப்பது அபூர்வம். எங்கே பள்ளம் தோண்டினாலும், எங்கே சாரம் கட்டினாலும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு போய் நின்றுவிடுவான். இப்படி வேலை நடக்கும் இடமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்து யோசனை சொல்லும் பெரிசுகளுக்கு எங்கள் ஊரில் 'உமரெல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதில் ஒன்று எனக்கு வாய்த்தது.

வாய்த்தது என்று சொல்லலாமோ கூடாதோ. கல்யாணமா, காட்சியா? இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆளுக்கொரு கிளாஸ் ஒயின், ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் நடை, என் சலூன் ஷட்டர் மாட்டிக்கொண்டால் எண்ணெய் விட ஒரு கை. அவ்வளவுதான். யாராவது கேட்டால் "தெரிஞ்சவர்" என்று சொல்லி நழுவிவிடுவேன்.

அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை சங்கதி வேறு. பெண்களுக்கு முடி வெட்டும் என் கடையின் வாடகை ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. நாலு மணிக்குக் கட்டடச் சொந்தக்காரர் வருவார், கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சாவியைக் கொடுக்க வேண்டும். அங்கே இனிமேல் செல்போன் உறை விற்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் ஜெனோவாவுக்கு என் அக்கா இவோன் வீட்டுக்குப் போகிறேன், ஒரேயடியாக. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாயா என்று கட்டடக்காரர் செப்டம்பரிலேயே கேட்டார். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் அக்கா போனில், "தனியா அங்க என்னடி பண்றே? மூட்டையக் கட்டிட்டு வா. ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன்" என்றாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். சின்ன வயசிலிருந்தே அப்படி. நானும் "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எர்மெஸ் போன் செய்தான். "நாளைக்கு மத்தியானம் சந்தையில சாப்பிடலாம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்று சொல்ல வேண்டும் என்றால் வேறு என்ன சொல்வான்? 'போகாதே' என்று சொல்வான். அந்த ஒரு வார்த்தை போதும், நாலு மணிக்குச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டேன். இந்த வயதில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் காதால் கேட்கத்தான் பச்சைக் கம்பளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுக்கூடத்தில் காய்கறி, பழம். பக்கத்துக் கூடத்தில் சுற்றிவர சாப்பாட்டுக் கடைகள், மத்தியில் நீள மேஜைகள். பணியாள் யாரும் மேஜைக்கு வர மாட்டார். ஒவ்வொரு கடையிலும் தனி வரிசை. சொல்லிவிட்டு வந்தால் கையில் ஒரு பஸ்ஸரைக் கொடுப்பார்கள், தட்டு தயாரானதும் அது துடிக்கும், ஓட வேண்டும். அதனால் இரண்டு பேர் போனால் ஒருத்தர் இடம் பிடிக்க வேண்டும், ஒருத்தர் அலைய வேண்டும். நான் எதிர் நாற்காலியில் சால்வையைப் போட்டு இடம் பிடித்தேன். அலைகிற வேலையை எர்மெஸ் எடுத்துக்கொண்டான். அவனுக்கென்ன, கரும்பு தின்னக் கூலியா?

முதலில் லம்புரூஸ்கோ இரண்டு கிளாஸ் கொண்டு வந்து வைத்தான். நுரை அடங்குவதற்குள் "ஓரியானா" என்றான்.

"சொல்லு."

"வந்து... வெறும் வயித்துல ஒயின் வேண்டாம். பொரிச்ச ரொட்டியும் மொர்தாதெல்லா பன்றிக்கறித் துண்டும் வாங்கிட்டு வந்துடறேன்."

போனான். போனவன் போனவன்தான். மொர்தாதெல்லா கடையில் வரிசையே இல்லை, நான் இங்கிருந்து பார்க்கிறேன். ஆளைக் காணோம். கழுத்தை நீட்டித் தேடினால், மீன் கடைப் பக்கம் சிவப்பு நாடா கட்டித் தரையில் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நாடாவுக்கு இந்தப் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறது என் ராசா. மண்டி போட்டு வேலை செய்கிற ஆளிடம் ஏதோ சொல்கிறான். அந்த ஆள் நிமிர்ந்து தலையாட்டுகிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு என் பிழைப்பே கைமாறப் போகிறது, இவனுக்கு ஓடு ஒட்டுவதற்கு யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது! இதற்குள் மூன்று பேர் வந்து, "இங்க யாராச்சும் உட்கார்றாங்களா?" என்று சால்வையைக் காட்டிக் கேட்டுவிட்டார்கள். "ஆமாம், உட்கார்றாங்க" என்று நானும் மூன்று தடவை பொய் சொன்னேன். உட்கார்ந்தால்தானே.

தட்டோடு வந்தான். தட்டை வைத்தான். சால்வையை எடுக்காமல் நாற்காலி விளிம்பில் பாதி உட்கார்ந்தான், ஒரு கால் வெளியே, பிரேக் மேல் வைத்த மாதிரி.

"அங்க என்ன வேடிக்கை?"

"ஓட்டுக்கு அடியில மட்டம் பார்க்காம ஒட்டறான். நாளைக்கு ஒரு கிழவி தடுக்கி விழுவா."

"கிழவி விழட்டும். நீ ஏதோ சொல்லணும்னியே."

"ஆமா." ரொட்டியைப் பிட்டான். சாப்பிடவில்லை, பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டான். "இந்த ஜெனோவா இருக்கே..."

"இருக்கு. கடலோரமா இருக்கு. அதுக்கென்ன?"

"அங்க உனக்கு..."

மேஜை மேல் பஸ்ஸர் துடித்தது. சிவப்பு விளக்கு சுற்றச் சுற்ற அது ரொட்டித் தட்டை இடித்துக்கொண்டு நகர்ந்தது. எர்மெஸ் உயிர் பிழைத்தவன் மாதிரி எழுந்தான். "தொர்தெல்லீனி வந்துடுச்சு!"

எப்போது போய்ச் சொல்லி வைத்தானோ. நான் ஒயினைக் குடித்தேன். அவன் கிளாஸையும் குடித்தேன். கைப்பையில் கடைச் சாவி இருந்தது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன், மறுபடியும் சாவியைத் தொட்டேன். அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வந்திருந்தது. அறைச் சுவர், பளிச்சென்ற நீலம். 'எப்படி இருக்கு?' என்று கேட்டிருந்தாள். நீல நிறம் எனக்குப் பிடிக்காது என்று எத்தனை தடவை சொன்னேன். பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எர்மெஸ் இரண்டு கிண்ணங்களில், இறைச்சிப் பூரணம் வைத்து மடித்த குட்டிக் கொழுக்கட்டைகளைக் கொண்டு வந்து வைத்தான். நான் கிண்ணத்தைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"எர்மெஸ், இது என்னய்யா?"

"தொர்தெல்லீனி."

"க்ரீம் ஊத்தியிருக்கு."

அவனும் அப்போதுதான் பார்த்தான். முகம் செத்துவிட்டது. பொலோஞ்ஞாவில் பிறந்து வளர்ந்தவன், தொர்தெல்லீனியைக் கறிச்சாற்றில் தவிர வேறு எதிலும் போடுகிறவனோடு பேருந்தில்கூடப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறவன், தன் வாயால் கேட்டு க்ரீமில் வாங்கி வந்திருக்கிறான். வெளியூர்க்காரன்கூட ஒரு தடவை யோசிப்பான்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? காய்ச்சலா?"

"இல்ல. கடைக்காரி க்ரீமான்னு கேட்டா, நான் ஏதோ ஞாபகத்துல தலையாட்டிட்டேன். குடு, மாத்திட்டு வரேன்."

"நீ அசையக்கூடாது. உன்னை அனுப்பினா நீ மீன் கடையில மட்டம் பார்ப்பே. நான் போறேன். நீ இடத்தைப் பார்த்துக்க. எந்திரிச்சே, கொன்னுடுவேன்."

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தில்தெயின் கடைக்குப் போனேன். தில்தெ எனக்குப் பழக்கம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தலைக்குச் சாயம் போட என்னிடம்தான் வருவாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா? எனக்குத் தெரியும்டி, நீ திருப்பிக் கொண்டு வருவேன்னு. ரெண்டு தடவை கேட்டேன் அந்தாளை, க்ரீமா, நெஜமாவான்னு. மண்டையை மண்டையை ஆட்டறான்."

"ஆட்டினா நீ குடுத்துடறதா? உனக்கு எங்க போச்சு புத்தி?"

"என்ன பண்ணச் சொல்றே? அவன் எங்கே தொர்தெல்லீனிக்கா வந்தான்? கேள்வி கேக்க வந்தான்." கிண்ணங்களை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு, கல்லாப்பெட்டி மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "'தில்தெ, நீ பொம்பளை, நீ சொல்லு, போகாதேன்னு ஒருத்திகிட்ட சொல்றது சரியா தப்பா'ன்னு. காலையிலயே ஒரு தடவை வந்துட்டான், நான் மாவு பிசைஞ்சிட்டு இருக்கறப்போ. வெண்ணெய்க்கட்டிக் கடையில கேட்டிருக்கான். மீன்காரன்கிட்ட கேட்டிருக்கான். அந்த ஓடு ஒட்டற பசங்களக்கூட விடலையாம்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "சந்தை முழுக்கச் சொல்லியிருக்கானா?"

"உங்கிட்ட மட்டுந்தான் சொல்லலை போல."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தலைக்குச் சாயம் போட ஆள் வேணும், போகாதேன்னு சொல்லுன்னேன்." சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றில் கூடுதலாக ஒரு கரண்டி தொர்தெல்லீனி போட்டாள். "இது உனக்கு. கோவத்துல பசிக்கும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். சாறு தளும்புகிறது, கூட்டம் இடிக்கிறது. மேஜையைப் பார்த்தால் எங்கள் நாற்காலிகளில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். ஒருத்தி என் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, யாருமே இல்லையேன்னு..." என்று எழுந்தாள். யாருமே இல்லை! எந்திரிச்சால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன், யாருமே இல்லை!

எங்கே இருப்பான் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. தட்டோடு நேரே சிவப்பு நாடாவுக்குப் போனேன். அவன் முதுகும், முதுகில் கோத்த கைகளும்தான் முதலில் தெரிந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. நின்ற இடத்தில்கூட அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

மண்டி போட்டிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கூட இருந்தவனை முழங்கையால் இடித்தான். "டேய், ஜெனோவா வந்துடுச்சு."

"என்னது?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. நாங்க ஓடு ஒட்டறோம்."

எர்மெஸ் திரும்பினான். நான் தட்டை அவர்கள் ஓடு அடுக்கி வைத்திருந்த பெட்டி மேல் வைத்தேன்.

"ஏன்யா, வெண்ணெய்க்கட்டிக்காரனுக்கு என் சங்கதி தெரியணும், மீன்காரனுக்குத் தெரியணும், இந்தப் பசங்களுக்குத் தெரியணும், எனக்கு மட்டும் தெரியக்கூடாதா? ராத்திரி பூரா தூங்காம வந்திருக்கேன். ரெண்டு மணி ஆகப் போகுது. சொல்ல வந்ததைச் சொல்லித் தொலை!"

மீன் கடையில் பேரம் நின்றது. பையன்கள் மிகக் கவனமாக ஓட்டைப் பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றான் எர்மெஸ்.

"என்ன?"

"போகாதேன்னு சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் சொல்லுன்னுதான் சொன்னாங்க. ஆனா என்னால முடியலை, ஓரியானா." கையை முன்னால் கொண்டு வந்தான், வைக்க இடம் தெரியாமல் மறுபடி பின்னால் கட்டிக்கொண்டான். "நிவெஸ் இருந்தாளே."

நிவெஸ் அவன் மனைவி. இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி என்னிடம் அவன் பேசியதே இல்லை.

"கல்யாணமான புதுசுல அவ ஃபெர்ராராவுக்குத் திரும்பிப் போகணும்னா, அவ அண்ணன் பேக்கரிக்கு. போகாதேன்னு சொன்னேன். கெஞ்சினேன். இருந்துட்டா. நல்லவதான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பனி பெய்ஞ்சா என்னால. ரொட்டி கருகினா என்னால. 'நீ சொன்னதாலதானே நான் இங்க கெடக்கேன்'னு. சாகற வரைக்கும் அதுதான். நான் பதிலே சொல்ல மாட்டேன், ஏன்னா நான் சொன்னது நெஜந்தானே?"

நான் தட்டைப் பெட்டியின் நடுவுக்கு நகர்த்தி வைத்தேன்.

"நீ இருந்தா எனக்குச் சந்தோஷம். நீ போனா ஞாயித்துக்கிழமை நடக்க எனக்கு ஆள் இல்ல. வேற ஆளும் வேண்டாம். இதையெல்லாம் நான் சொல்லலாம், சொல்லிட்டேன். ஆனா போகாதேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். உனக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லு."

வந்த கோபத்துக்கு அந்தச் சாற்றை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். என்ன திமிர்! ஒரு வார்த்தை கேட்டு வந்தவளிடம் ஒரு கேள்வியைக் கொடுக்கிறான். ஆனால் ஊற்றவில்லை. ஏனென்றால், கருகின ரொட்டி என்று அவன் சொன்னபோதே எனக்கு உறைத்துவிட்டது. இவன் 'போகாதே' என்று சொல்லியிருந்தால், அடுத்த மாதம் கடையில் ஆள் வராத நாளில், 'உன்னாலதான்' என்று நானும் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஜெனோவாவுக்குப் போயிருந்தால் இவோனைச் சொல்லியிருப்பேன். நீலச் சுவரைப் பார்த்துப் பார்த்துத் தினமும் சொல்லியிருப்பேன். கட்டடக்காரர் கேட்டபோது வாயைத் திறக்காதவள் நான்தான். யாராவது ஒருத்தர் என் தலையெழுத்தை எழுதட்டும், நான் திட்டிக்கொண்டே இருக்கலாம் என்று காத்திருந்திருக்கிறேன்.

"போய் இடத்தைப் பிடி" என்றேன். "அந்தப் பிள்ளைங்ககிட்ட கேளு, தள்ளி உட்காருவாங்க."

"ஓரியானா..."

"போன்னா போ!"

அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். நான் மீன் கடைக்கும் சிவப்பு நாடாவுக்கும் நடுவில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். நிற்கவும் முடியவில்லை. இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே என்று நடந்துகொண்டே பேசினேன்.

"படம் பார்த்தியா?" என்றாள் இவோன், எடுத்த எடுப்பில்.

"பார்த்தேன். இவோன், நான் வரலை."

"ஞாயித்துக்கிழமை வரலையா? அப்போ திங்கக்கிழமை வா."

"திங்கக்கிழமையும் வரலை. கடையைக் குடுக்கலை. நாலு மணிக்கு அவரு வந்தா புதுசாக் கையெழுத்துப் போடறேன்னு சொல்லப் போறேன். அவரு ஒத்துக்கலைன்னா வேற கடை தேடுவேன். இங்கதான்."

அந்தப் பக்கம் வெடித்தாள். "அந்த பஸ்காரன் சொன்னானா? அவன் பேச்சக் கேட்டு..."

"அவன் ஒண்ணுமே சொல்லலை. கேட்டுக்கூடப் பார்த்தேன், சொல்ல மாட்டேன்னுட்டான். இது நான் சொல்றது."

"பெயிண்ட் அடிச்சாச்சுடி!"

"எனக்கு நீலம் பிடிக்காதுக்கா. எப்பவுமே பிடிக்காது."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திட்டலாம், மனசு லேசாகிவிடும். ஆனால் இவோன் திட்டவில்லை. ரொம்ப மெதுவாக, எங்கள் அம்மா இறந்த அன்றுகூட அப்படிப் பேசியதில்லை, "ராத்திரியில எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு, ஓரியானா" என்றாள். "லைட்டப் போட்டுட்டுத்தான் தூங்கறேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உனக்காகன்னு சொன்னேன்."

ஓடு ஒட்டுகிற பையன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டுவதை நிறுத்தினான்.

"வருவேன்க்கா, மாசா மாசம் வந்து நாலு நாள் இருக்கேன். நீயும் இங்க வா."

"மீதி நாளு?"

"மீதி நாளு..." பொய் சொல்ல வாய் வரவில்லை. "மீதி நாளு நான் இங்க இருப்பேன். ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி போன் பண்றேன்."

"சரி" என்றாள். மூட்டையைக் கட்டிட்டு வா என்று அவள் சொன்னபோது நான் சொன்ன அதே மாதிரி ஒரு சரி. வைத்துவிட்டாள்.

மேஜைக்குத் திரும்பி வந்தேன். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள். எர்மெஸ் உட்கார்ந்திருந்தான். விளிம்பில் இல்லை, முழுசாக, முதுகைச் சாய்த்து, இரண்டு காலும் மேஜைக்கு அடியில். என் நாற்காலியில் சால்வையைப் போட்டு அதன் மேல் ஒரு கையையும் வைத்திருந்தான், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. சாறு ஆறி மேலே கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. அவன் தொடவில்லை.

என் முகத்தைப் பார்த்தான். சால்வையை எடுத்துக்கொண்டு, "உட்காரு" என்றான்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கால் இரண்டும் எங்காவது போக வேண்டும் என்றன, எங்கே என்று தெரியவில்லை. அக்கா இப்போது அந்த நீல அறையில் நின்றுகொண்டிருப்பாள்.

"உட்காரு, ஓரியானா. நான் இங்கதான் இருக்கேன்."

"இரு" என்று இரண்டு கிண்ணங்களையும் எடுத்தேன். "இதைச் சூடு பண்ணிட்டு வந்துடறேன்."